குமண, கூமுனை, யால கிழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொத்துவிலுக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கும் குமண தேசிய பூங்காக் காட்டைப் பற்றி எங்கள் கரையில் எல்லாருக்கும் ஏதோ ஒரு கதை தெரியும். ஆனால் பெயரும் வருடமும் என்று வந்தால் குழப்பம்தான். கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறவர்கள், ஒப்படை எழுதும் பிள்ளைகள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்று பலரும் திருக்கோவில் பக்கம் இருக்கும் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

குமண எங்க இருக்கு? அம்பாந்தோட்டையா, நம்மட மாவட்டமா?

நம் மாவட்டம்தான். அம்பாறை மாவட்டத்தின் தெற்கு நுனியில், லகுகலை பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. பொத்துவிலில் இருந்து அறுகம்பை, பாணமை என்று கரையோரமாகத் தெற்கே போனால் உகந்தை வரும். பூங்காவின் வாசல் அங்கேதான். பாணமைக்கு அப்பால் உகந்தை வரையுள்ள பாதையின் இரு பக்கமும் பற்றைக்காடும் வெட்டையும்தான், கடைகண்ணி கிடையாது.

தென்மேற்கு எல்லையில் குமுக்கன் ஆறு ஓடுகிறது. ஊவா மலைப்பக்கத்தில் பிறந்து மொனராகலை வழியாக வந்து கடலில் விழும் ஆறு அது. சிங்களத்தில் கும்புக்கன் ஓயா. ஆற்றைத் தாண்டினால் யாலக் காடு.

கூமுனை வேற இடம், குமண வேற இடமா?

இல்லை, இரண்டும் ஒன்றுதான். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பேச்சிலும் பழைய எழுத்திலும் கூமுனை என்று வரும். சிங்களத்தில் குமண. அரசாங்கப் பலகையிலும் பயணக் குறிப்புகளிலும் சிங்கள உச்சரிப்பை ஒட்டி குமண என்றே எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்தில் பூங்காவைச் சொல்லும்போது குமண என்றும், ஊரையும் அங்குள்ள வில்லு என்ற நீர்நிலையையும் சொல்லும்போது கூமுனை என்றும் எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் கூமுனை என்று சொன்னால் பிள்ளைகள் அதைத் திருத்தப் போகாதீர்கள். அந்தப் பெயரும் சரியான பெயர்தான்.

அப்ப யால கிழக்கு எண்டு புத்தகத்தில இருக்கிறது எது?

அதுவும் இதேதான். 1970 ஜனவரி 20 அன்று இந்தக் காடு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது வைத்த பெயர் யால கிழக்கு தேசிய பூங்கா. 2006 செப்டெம்பர் 5 அன்று அது குமண தேசிய பூங்கா என்று மாறியது. ஆகவே 2006க்கு முந்திய புத்தகம், வரைபடம், பத்திரிகை எதை எடுத்தாலும் யால கிழக்கு என்றே இருக்கும். வயது போன வாகனச் சாரதிகள் சிலர் இப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

1938, 1970, 2006 எண்டு மூண்டு வருசம் கிடக்கு. ஒப்படையில எதை எழுத?

மூன்றையும் எழுதுங்கள், ஆனால் எது எதற்கு என்று சேர்த்து எழுதுங்கள். 1938இல் கூமுனை வில்லையும் சுற்றுப்புறத்தையும் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். 1970இல் அந்தச் சரணாலயத்தையும் உள்ளடக்கிய பெரிய காடு தேசிய பூங்காவானது. 2006இல் பெயர் மாறியது. "குமண தேசிய பூங்கா 2006இல் ஆரம்பிக்கப்பட்டது" என்று எழுதினால் பிழை. ஒரு ஆளுக்கு அடையாள அட்டையில் பெயர் மாற்றிய நாளைப் பிறந்த நாள் என்று சொல்வது போலாகிவிடும்.

1938 என்ற வருடம் தற்செயலாக வந்ததல்ல. வனசீவராசிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 1937இல் வந்தது. அடுத்த வருடமே யாலவும் வில்பத்துவும் நாட்டின் முதல் இரண்டு தேசிய பூங்காக்களாயின. பறவைகள் சரணாலயமாகக் கூமுனை வந்ததும் அதே வருடத்தில்தான். அப்போது வனசீவராசிகள் திணைக்களம் என்று ஒன்று இல்லை. அது 1949இல்தான் உருவானது.

சரணாலயம், தேசிய பூங்கா ரெண்டும் ஒண்டுதானே?

சட்டத்தில் இரண்டும் வேறு. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், ஆட்கள் குடியிருக்கலாம். விலங்குக்கும் பறவைக்கும் தீங்கு செய்வதுதான் தடை. தேசிய பூங்கா முழுக்க அரச நிலம். பார்க்கவும் படிக்கவும் அனுமதிச்சீட்டு எடுத்துப் போகலாம், குடியிருக்க முடியாது. இதற்கும் மேலே ஒரு வகை இருக்கிறது, கடுமையான இயற்கை ஒதுக்கு என்று. அதற்குள் ஆராய்ச்சிக்காக விசேட அனுமதி பெற்றவர்களைத் தவிர யாரும் போக முடியாது. யாலப் பக்கம் அப்படி ஒரு பகுதி உண்டு.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கூமுனை ஊரைப் பற்றிய கேள்விக்கு இது தேவைப்படும்.

யாலட ஒரு துண்டுதானே குமண? ஒரு டிக்கட்டில ரெண்டையும் பாக்கலாமா?

பார்க்க முடியாது. காடு தொடர்ச்சியானது, யானைக்கும் சிறுத்தைக்கும் எல்லை கிடையாது. ஆனால் நிர்வாகத்தில் இரண்டும் தனித்தனிப் பூங்காக்கள். யாலவின் உத்தியோகபூர்வப் பெயர் ருகுணு தேசிய பூங்கா. அது அம்பாந்தோட்டை, மொனராகலை மாவட்டங்களில் கிடக்கிறது, பெரும்பாலானோர் போகும் வாசல் திஸ்ஸமகாராம பக்கம். குமணவுக்கு உகந்தை வாசல். ஒன்றுக்கு எடுத்த சீட்டு மற்றதற்குச் செல்லாது. உகந்தையால் ஜீப்பில் நுழைந்து யால வாசலால் வெளியே வரலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

சரி, ஏன் பேரை மாத்தினவங்க?

பழைய பெயரில் என்ன சிக்கல் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். யால கிழக்கு என்றால் கேட்பவருக்கு யால என்பதுதான் காதில் விழும். தெற்கே இருக்கும் யாலவுக்கு ஒரு வால் மாதிரி இந்தக் காடு தெரிந்தது. கிழக்கு மாகாணத்தில் இருக்கும் ஒரு பூங்கா, அதுவும் 1938 முதலே பறவைகளுக்காகப் பெயர் பெற்ற இடம், தன் சொந்தப் பெயர் இல்லாமல் முப்பத்தாறு வருடம் இருந்தது.

புதிய பெயர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஊருக்கும் வில்லுக்கும் சரணாலயத்துக்கும் ஏற்கெனவே இருந்த பெயர்தான் பூங்காவுக்கும் வந்தது. பெயர் மாற்றங்களில் இது நல்ல மாற்றம் என்பது என் உறுதியான எண்ணம். இடத்தின் பெயரையே அந்த இடத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பலகையில் கூமுனை என்ற தமிழ் வழக்கையும் சேர்த்திருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன்.

பழைய புத்தகம் ஒண்டில 'மட்டக்களப்பு மாவட்டத்துக் கூமுனை' எண்டு கண்டன். பிழையா?

பிழை இல்லை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டம். பொத்துவில், பாணமைப் பக்கத்தைப் பாணமைப் பற்று என்று எழுதுவார்கள். 1938இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது அது மட்டக்களப்பு மாவட்டத்துச் சரணாலயம்தான்.

இன்னும் பின்னால் போனால், மட்டக்களப்புத் தேசத்துக்கு வடக்கெல்லை வெருகல் ஆறு, தெற்கெல்லை குமுக்கன் ஆறு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கூமுனை நம் தேசத்தின் கடைசிக் காடு. மட்டக்களப்பில் இருக்கும் பிள்ளைகள் இதை வேறு யாருடையதோ இடம் என்று நினைக்க வேண்டியதில்லை.

வில்லு எண்டா என்ன? குளமா, களப்பா?

வில்லு என்பது மழைக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் நிரம்பி, கோடையில் வற்றிச் சுருங்கும் இயற்கையான தாழ்நில நீர்த்தேக்கம். யாரும் அணை கட்டியதல்ல, ஆகவே குளம் இல்லை. கூமுனை வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ளது. குமுக்கன் ஆற்றிலிருந்து ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. கடல் கிட்ட இருப்பதால் சில வேளை உப்புத் தண்ணீரும் கலக்கும். அதனால்தான் உள்ளே கண்டல் மரங்கள் நிற்கின்றன, முக்கியமாகக் கிண்ணை.

பூங்காவின் உயிரே இந்தக் கிண்ணை மரங்களில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் மரம் என்றால் நரியும் குரங்கும் முட்டைக்கு எளிதாக ஏற முடியாது, கீழே முதலையும் கிடக்கும். சித்திரை பிறந்து ஆடி வரையுள்ள மாதங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு எல்லாம் ஒரே மரத்தில் தட்டுத் தட்டாகக் கூடு கட்டும். சத்தமும் எச்ச வாடையும் வில்லை எட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிடும். வாடைக்கு மூக்கைப் பொத்தாதீர்கள், அந்த எச்சம்தான் தண்ணீரில் மீனுக்கு இரையாவதைப் பெருக்குகிறது.

ஐப்பசி தொடங்கி மாசி, பங்குனி வரை வருவது வேறு கூட்டம். வடக்கே குளிருக்குத் தப்பி வரும் பறவைகள். அவை இங்கே கூடு கட்டாது, களப்போரச் சேற்றில் இரை தேடும். பூங்காவில் வில்லோடு சேர்த்து இருபது வரையான களப்பும் குளமும் இருக்கின்றன. பதிவான பறவை இனங்கள் 255. எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்கள் முதலில் கூட்டைப் பார்க்கவா, வலசைப் பறவையைப் பார்க்கவா என்று முடிவு செய்யுங்கள்.

பூங்காவுக்குள்ள ஒரு ஊரே இருந்ததாமே? உண்மையா?

உண்மை. கூமுனை என்பது முதலில் ஊர்ப் பெயர். சேனைப் பயிரும் தேனும் மீனும் வேட்டையும்தான் அவர்களின் பிழைப்பு. 1818 ஊவாக் கலகம் அடக்கப்பட்டபோது தப்பி வந்தவர்களின் வழியினர் என்று அந்த ஊரவரைப் பற்றி ஒரு சொல்வழக்கு உண்டு.

மேலே சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன் அல்லவா. சரணாலயமாக இருந்தவரை ஊர் அங்கே இருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. தேசிய பூங்காவுக்குள் குடியிருப்பு என்பது வேறு விசயம். கடைசியில் போர்க்காலத்தில் மக்கள் வெளியேறினார்கள், அந்த இடம் காடாகிவிட்டது. பூங்காவுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர் இன்று இல்லை. வழிகாட்டிகள் பறவைகளின் பட்டியலைச் சொல்வதோடு இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே மனிதரும் வாழ்ந்தார்கள் என்பது பூங்காவின் வரலாற்றில் ஒரு பங்கு.

எத்தனை வருசம் பூட்டிக் கிடந்தது?

1985இல் மூடப்பட்டது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின், 2003 மார்ச்சில் திறந்தார்கள். பதினெட்டு வருடம் வரும். அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தக் காடு பெயரளவில்தான் தெரியும். குழப்பங்கள் இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுனாமி வில்லை அழிச்சிட்டா?

அழிக்கவில்லை, அடித்துவிட்டுப் போனது. திறந்து இரண்டு வருடம் ஆகும் முன்னரே 2004 டிசம்பர் 26 வந்தது. கண்டல் மரங்கள் சேதமாயின, பறவைகள் கூடு கட்டும் இடம் குறைந்தது. ஆனாலும் பறவைகள் வருவது நிற்கவில்லை. 2010இல் குமண ஈரநிலத் தொகுதி ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது.

பரப்பளவு ஒரு இடத்தில 35,664 எண்டும் இன்னொரு இடத்தில 19,011 எண்டும் கிடக்கு. எது சரி?

இரண்டும் சரி. 35,664 ஹெக்டேயர் என்பது தேசிய பூங்காவின் பரப்பு. 19,011 ஹெக்டேயர் என்பது முந்திய பதிலில் சொன்ன ராம்சார் ஈரநிலத்தின் பரப்பு. ஏக்கரில் எழுதினால் பூங்கா 88,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

உகந்தைக் கோயில் பூங்காவுக்குள்ளயா வெளியிலயா? கோயிலுக்குப் போக டிக்கட் வேணுமா?

உகந்தைமலை முருகன் கோயில் பூங்கா வாசலுக்கு அருகில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்குப் போகப் பூங்காச் சீட்டு தேவையில்லை. முருகனும் வள்ளியும் வந்திறங்கிய கல்லோடம் என்று கரையில் காட்டுவார்கள், பக்கத்தில் வள்ளிமலை. ஆடித் திருவிழாவில் தீர்த்தத்துக்குக் கூடும் கூட்டத்தைக் கிழக்கில் எல்லாரும் அறிவோம்.

சனம் நடந்து போக ஏலாது எண்டுறாங்க. பிறகு கதிர்காமத்துக்கு நடக்கிற ஆக்கள் எப்பிடிப் போறாங்க?

சாதாரண நாட்களில் பூங்காவுக்குள் இறங்கி நடக்க அனுமதி இல்லை. வாகனத்தோடும் திணைக்கள வழிகாட்டியோடும்தான் போக வேண்டும். பாதயாத்திரை அதற்கு விதிவிலக்கு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் வழியாக வந்து உகந்தையில் சேர்கிறார்கள். இடையில் ஊர் ஊராக ஆட்கள் சேருவார்கள். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்பின்னாகக் குறிப்பிட்ட சில நாட்களுக்குக் காட்டுப்பாதை திறக்கப்படும். எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்று ஒவ்வொரு வருடமும் மாவட்டச் செயலகத்தில் கூட்டம் வைத்து முடிவு செய்வார்கள். போன வருடத் திகதியை நம்பிப் புறப்படாதீர்கள்.

உகந்தையில் இருந்து வண்ணாத்திக் கிணறு, குமுக்கன் ஆறு, பிறகு யாலக் காட்டுக்குள் நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போக ஐந்தாறு நாள் எடுக்கும். பூங்கா என்று ஒன்று வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த நடைபாதை இது. 1970இல் வந்த பூங்கா அறிவிப்பு அதை அடைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோர் நடந்து போனபின் பாதையில் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பையும் கிடக்கின்றன. மானும் யானையும் அதைத் தின்கின்றன. அரோகரா சொல்லிக்கொண்டு நடக்கும் கால், அந்தக் காட்டில் விசம் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், கதிர்காமத்தில் போட இடம் இருக்கிறது.

குடும்பிமலையும் அங்கதானே? நாங்க போனபோது ஆமிக் காம்ப்தான் இருந்தது.

நீங்கள் சொல்வது மட்டக்களப்புக் குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. அது கிரானுக்கு மேற்கே உள்நாட்டில் இருக்கிறது. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் இருப்பது குடும்பிகல. கற்குகைகளும் பௌத்த துறவிகளின் ஆசிரமமும் உள்ள இடம். அதையும் தமிழில் குடும்பிமலை என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம்.

சங்க காலக் குமணன்ட பேர்தான் குமண எண்டு ஒருத்தர் சொன்னார்...

குமணன் புறநானூற்றில் வரும் வள்ளல், பெருஞ்சித்திரனார் பாடியவன். அவன் மலை முதிரமலை, அது தமிழ்நாட்டுப் பக்கம். எழுத்து ஒத்துப் போவதால் இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது. அதோடு, நம் பேச்சில் இருந்த பெயர் கூமுனை என்பதை இரண்டாவது கேள்வியில் பார்த்தோம். குமணனைத் தேடுகிறவர்கள் அதற்கு என்ன சொல்வார்கள்?

நேரா கேக்கிறன், அது தமிழர்ட காடா, சிங்களவர்ட காடா?

பூங்காவுக்குள் பம்பரகஸ்தலாவ என்ற இடத்தில் பழைய குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் படுத்திருக்கும் புத்தர் சிலையும் இருக்கின்றன. பௌத்த துறவிகள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அவை சான்று. வாசலில் முருகன் கோயில் இருக்கிறது. காட்டுக்கு நடுவே தமிழர் மட்டுமல்ல, சிங்களவரும் நடக்கும் யாத்திரைப் பாதை போகிறது. பக்கத்து ஊரான பாணமையில் சிங்களமும் தமிழும் பேசும், இரு பக்கமும் கலந்து கட்டிய குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. பொத்துவில் முஸ்லிம் மீனவர் இந்தக் கடலில்தான் வலை போடுகிறார்கள்.

கல்வெட்டு ஒன்றைக் காட்டி மற்றவரை வெளியேற்றவும், கோயிலைக் காட்டிக் கல்வெட்டை மறைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஒப்படையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வந்தால், மேலே உள்ளதில் எதையும் விடாமல் எழுதுங்கள்.